கப்பலேறிய ரயில்

அப்பா மானாமதுரை ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். அதனால் கல்லூரி முடிக்கும்வரை நான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்ததே இல்லை. ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு வருடத்துக்கு இத்தனை என்று பாஸ் உண்டு. அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மஞ்சள் பைக்குள் வைத்திருப்பாள். டிடிஆர் வந்ததும் எடுத்து நீட்டுவாள். அவர் பார்த்துவிட்டு, "எங்க வேல பாக்குறாரு?" என்று விசாரித்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்வார். ரயில் ஏதோ எங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோல ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்பு இத்தாலியில் ஐந்து பேரை அபராதம் கட்ட வைத்தது.

2016 பிப்ரவரி. பொலோன்யாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 1088-லேயே தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம். அங்கே தேர்வென்றால் பெரும்பாலும் வாய்மொழிதான். பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, அங்கேயே மதிப்பெண் வாங்கிக்கொண்டு எழுந்து வரவேண்டும். குளிர்காலத் தேர்வுகள் முடிந்து அடுத்த பருவம் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஒரே கட்டடத்தில் குடியிருந்த ஐந்து பேர் தெற்கே கிளம்பினோம். போர்ச்சுகல்காரி ஒருத்தி, துருக்கிக்காரி ஒருத்தி, போலந்துக்காரன் ஒருவன், நான், அப்புறம் எங்கள் வழிகாட்டியான லூகானியாக்காரன்.

லூகானியா என்பது பசிலிக்காத்தா மாநிலத்தின் பழைய பெயர். இத்தாலி வரைபடம் ஒரு பூட்ஸ் என்றால் அது உள்ளங்காலின் வளைவில் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே தங்கிப் படிப்பவர்களை இத்தாலியில் 'ஃபுவோரிசேதே' என்பார்கள். பொலோன்யாவில் அப்படித் தங்கியிருப்பவர்களில் தெற்கத்திப் பிள்ளைகள் நிறைய. மாதம் ஒருமுறை அவர்களுக்கு வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி வரும். ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி, அம்மா கையால் போட்ட தக்காளிச் சாறு. அதற்குப் பெயரே 'பாக்கோ தா ஜூ', கீழேயிருந்து வரும் பார்சல். கீழே என்றால் தெற்கு. சென்னை விடுதியில் ஆம்னி பஸ் பார்சலுக்காக விடியற்காலையில் கோயம்பேட்டில் காத்து நின்றவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் பெட்டி பிரிக்கும் நாளில் கூப்பிடாமலே போய் நிற்பேன். "இதெல்லாம் விளையும் இடத்தைக் காட்டுகிறேன் வா" என்று அவன் சொன்னதிலிருந்துதான் இந்தப் பயணமே தொடங்கியது.

பொதுச் செலவுக்கு ஆளுக்கு 150 யூரோ போட்டோம். இந்தியர்கள் கணக்கில் கெட்டி என்று போலந்துக்காரன் எங்கேயோ படித்திருந்தான். பணமும் டிக்கெட்டுகளும் ஒரு நாற்பது பக்க நோட்டும் என் கைக்கு வந்தன. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வரவு செலவெல்லாம் நேப்பிள்ஸ். இரண்டு நாள் இருந்தோம். பாம்ப்பேய் போனோம். பீட்சா தின்றோம். இவற்றை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பாம்ப்பேயில், 1938-இல் தோண்டும்போது தந்தத்தாலான ஒரு சின்னப் பெண் சிலை கிடைத்தது. உயரம் ஒரு சாண் சொச்சம்தான். கால் நிறையத் தண்டை, கை நிறைய வளையல், இரண்டு பக்கமும் தோழிப் பெண்கள். நம் ஊர்ப் பக்கமிருந்து கப்பலில் போனவள். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சியாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ரோமானியர்களின் காமச் சித்திரங்களைப் பூட்டி வைத்திருந்த தனி அறையில் அவளையும் நிறுத்தியிருந்தார்கள். "உங்க ஊர்க்காரியா?" என்றாள் துருக்கிக்காரி. ஆமாம் என்றேன். அந்த அறையில் வேறு எதையும் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் தெற்கே புறப்பட்டோம். நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்குக் கடலை ஒட்டிப் போகும் பழைய பாதையில் ஒரு மெதுவான ரயில். போர்த்திச்சி என்ற ஊர் வந்ததும் லூகானியாக்காரன் காலால் தரையைத் தட்டினான். "இத்தாலியின் முதல் ரயில் பாதை இதுதான். 1839. மிலானிலும் இல்லை, டூரினிலும் இல்லை, இங்கே." நேப்பிள்ஸ் அன்று தனி அரசு, அரசன் போட்ட பாதை, ஏழரை கிலோமீட்டர்தான். பம்பாய்க்கு 1853, ராயபுரத்துக்கு 1856 என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். பிறகு தெற்கு எப்படிப் பின்தங்கியது என்று போலந்துக்காரன் கேட்டான். 1861-இல் இத்தாலி ஒன்றானதிலிருந்து அந்த நாட்டில் ஓயாமல் நடக்கும் சண்டை அது. எங்கள் பெட்டியிலும் சலேர்னோ வரை நடந்தது.

சலேர்னோவில் பொட்டென்சா ரயிலுக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது. நான் ஐந்து டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கி, வண்டி எபோலியைத் தாண்டியபோது சீருடையில் ஓர் அம்மாள் வந்தார். டிக்கெட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். பிறகு லூகானியாக்காரனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

சங்கதி இதுதான். இத்தாலியில் உள்ளூர் ரயில்களின் காகித டிக்கெட்டில் நாம் ஏறும் வண்டி எதுவென்று இருக்காது. பிளாட்பாரத்தில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். டிக்கெட்டின் ஓரத்தை அதற்குள் செருகினால் 'டக்' என்று தேதியும் நேரமும் குத்தித் தரும். குத்தாத டிக்கெட்டை அப்போது மறுநாளும் பயன்படுத்தலாம் என்பதால், குத்தாமல் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறிய கணக்குத்தான். நான் அதுவரை இணையத்தில் இருக்கை எண்ணோடு வாங்கும் வேகவண்டிகளில் மட்டுமே போயிருந்தேன். அவற்றுக்குக் குத்த வேண்டியதில்லை. லூகானியாக்காரனோ நான் குத்தியிருப்பேன் என்று நினைத்துவிட்டான். ஏறியவுடன் நாமே போய்ச் சொல்லியிருந்தாலாவது சின்னத் தொகையோடு போயிருக்கும்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்து பெயர்களையும் எழுத்துக் கூட்டி எழுதினார். என் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர் அதையும் எழுதினார். முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்த மனிதரின் பெயர், டிக்கெட் குற்றத்துக்காக ஓர் இத்தாலிய ரசீதில் ஏறியது.

அன்று இரவே அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"டிக்கெட் எடுக்கலையா?"

"எடுத்தேம்ப்பா. குத்தல."

"ரயில்வேக்காரன் மக வித்தவுட்டுல மாட்டுனா வெளிய சொல்ல முடியுமா? என் மானமே கப்பலேறிப் போச்சுத்தா."

நோட்டில் 'அபராதம்' என்று எழுதி என் கணக்கில் போட்டிருக்கிறேன். பக்கத்தில் போர்ச்சுகல்காரியின் பச்சை மை. என் பெயரை அடித்துவிட்டு 'வகுத்தல் ஐந்து' என்று குறி போட்டிருக்கிறாள். யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எபோலிக்கு அப்பால் பாதை கடற்கரைச் சமவெளியை விட்டு மலைக்குள் ஏறுகிறது. டூரினைச் சேர்ந்த கார்லோ லேவி என்ற ஓவியரை, மருத்துவமும் படித்தவர், 1935-இல் முசோலினி அரசு தண்டனையாக இந்த மலைப்பக்கம் அனுப்பியது. அந்த அனுபவத்தை அவர் 1945-இல் புத்தகமாக்கினார். கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார் என்பது அதன் தலைப்பு. கிறிஸ்து அதற்குமேல் தங்களிடம் வரவில்லை என்று குடியானவர்கள் சொல்வதுண்டாம். ரயில் வந்தது, அதிலும் ஒரு துயரம் இருக்கிறது என்றான் லூகானியாக்காரன். அபராதத்துக்குப் பிறகு அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

பல்வானோ நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். வண்டியின் சத்தம் மாறியது. "இதுதான்" என்றான். 1944 மார்ச் மாத ராத்திரி. போர்க்காலம். நேப்பிள்ஸில் தின்ன ரொட்டி இல்லை. கையிலிருந்த துணிமணியைக் கொடுத்து மாவும் எண்ணெயும் மாற்றிவர ஜனங்கள் லூகானியாவுக்குக் கிளம்பினார்கள். பயணி ரயில் போதாததால் 8017 என்ற சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டார்கள். நீராவி எஞ்சின்கள் இரண்டு, தரமில்லாத நிலக்கரி, ஈரத் தண்டவாளம். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி, வண்டி சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு சுரங்கத்தை நிரப்பியது. 500 பேருக்கு மேல் செத்தார்கள். பலர் தூக்கத்திலேயே. வண்டி எதிலும் மோதவில்லை, தடம் புரளவும் இல்லை. போர்ச் செய்திகளுக்கு நடுவே அது வெளியே அதிகம் தெரியவுமில்லை.

மின்சார வண்டி அந்தச் சுரங்கத்தை இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்தது. நான் கையிலிருந்த அபராத ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

லூகானியாக்காரன் ஊரில் நிலையம் பள்ளத்தாக்கில், ஊர் மலையுச்சியில். அந்தப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். காரோடு அவன் அப்பா நின்றார். ஐந்து பேரும் ஐந்து மூட்டையும் எப்படி ஏறினோம் என்று இப்போது நினைத்தாலும் புரியவில்லை. வீட்டு பால்கனியில் செக்கச் செவேலென்று மிளகாய் மாலைகள் தொங்கின. மிளகாய் என்றாலும் காரம் கிடையாது. விரலைவிட நீளமான, இனிப்புச் சுவையுள்ள சிவப்பு மிளகாய். செனிசே என்ற ஊர் அதற்குப் பேர்போனது. கோடையில் நூலில் கோத்து நிழலிலும் காற்றிலும் வற்றவிடுகிறார்கள்.

அவன் அம்மா மாலையிலிருந்து பத்துப் பன்னிரண்டைப் பறித்தார். தண்ணீரில் கழுவவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். காம்பை ஒடித்து, கவிழ்த்துத் தட்டி விதைகளை உதிர்த்தார். வாணலியில் ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் இரண்டு மிளகாயைப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அது உப்பிக்கொண்டு பளபளத்தது. அடுத்த நொடி எடுத்துவிட்டார். இன்னொரு நொடி விட்டிருந்தால் கருகிக் கசந்திருக்கும். தட்டில் பரப்பி, ஆறவிட்டு, உப்புத் தூவி என்னிடம் ஒன்றை நீட்டினார். கடித்தேன். நொறுங்கியது. 'க்ருஸ்கோ' என்றார். அவர்கள் பேச்சில் மொறுமொறுப்பு என்று அர்த்தமாம்.

எனக்கு அந்த அடுப்படியில் எங்கள் வீட்டு மோர் மிளகாய் நினைவு வராமல் இருக்குமா? மொட்டை மாடி, பழைய வேட்டி, காக்காய்க்குக் காவலாக நான். எண்ணெய் சரியான சூட்டில் இருக்கிறதா என்று அம்மா ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பாள். இந்த அம்மாளும் அப்படியே செய்தார். எங்கள் ஊரிலும் மிளகாயை வற்றவிட்டுப் பொரிப்போம் என்று லூகானியாக்காரனை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை. போனில் படம் தேடிக் காட்டினேன். பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அவன் சுருக்கினான்: "அப்போ நீ எங்க வீட்டுப் பெண்தானாம். இன்னும் கொஞ்சம் சாப்பிடணுமாம்."

அன்றிரவு வறுத்த ரொட்டித்தூளும் பொரித்த மிளகாயும் நொறுக்கிப் போட்ட பாஸ்தா. இறைச்சி சாப்பிடாதவள் என்று யாரும் என்னை ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. எல்லோருக்கும் அதேதான். ஏழைகளுக்குப் பாலாடைக்கட்டி கட்டுப்படியாகாத காலத்தில் ரொட்டித்தூளைத்தான் மேலே தூவினார்களாம். நோட்டில் அந்த இரண்டு நாளுக்கும் 'உணவு' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அவர்கள் கட்டிக்கொடுத்த ரொட்டியோடு மத்தேரா போனோம். அப்போது மத்தேராவுக்குத் தேசிய ரயில்வேயின் பாதை கிடையாது. ஃபெர்ராந்தீனாவில் இறங்கிப் பஸ் பிடித்தோம். பாறையைக் குடைந்த வீடுகள் அடுக்கடுக்காக ஒரு பள்ளத்தாக்கை நிறைத்திருந்தன. ஒரே குகையில் குடும்பமும் கழுதையும் கோழியும் வாழ்ந்த இடம். குழந்தைகள் மலேரியாவில் மடிந்த இடம். தேசிய அவமானம் என்று அரசியல்வாதிகள் பேசி, 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை அரசு புதிய குடியிருப்புகளுக்கு மாற்றியது. 1993-இல் அதே குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாகின. நாங்கள் போனபோது பல குகைகள் விடுதியாகிவிட்டிருந்தன. ஓர் இரவுக்கான வாடகையைப் பார்த்துவிட்டு ஊருக்கு வெளியே தங்கினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெத்தபோந்தோ நிலையத்துக்கு வந்தால் பலகை முழுக்க ஒரே சொல், 'ரத்து'. வேலைநிறுத்தம். இத்தாலியில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 குறிப்பிட்ட உள்ளூர் வண்டிகள் ஓடியே தீரவேண்டும். நாங்கள் வந்து சேர்ந்தது 9.20. "உங்க அப்பா ஆளுங்கதானே?" என்றான் போலந்துக்காரன். 1974 ரயில்வே வேலைநிறுத்தம் பற்றி அப்பா சொன்ன கதைகள் கைவசம் இருந்ததால் நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்பது மணி நேரத்தை என்ன செய்வது? வயல்வெளியூடே நடந்து ஒரு பழைய கிரேக்கக் கோயிலுக்குப் போனோம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. 15 தூண்கள் மட்டும் நிற்கின்றன. பித்தாகரஸ் கடைசிக் காலத்தில் இருந்ததும் இறந்ததும் இந்த மெத்தபோந்தோவில்தான் என்பார்கள். தூணடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றோம். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். இரண்டு யூரோ உதைத்தது. பித்தாகரஸ் ஊரிலேயே கணக்கு இடிக்கிறதே என்று துருக்கிக்காரி சிரித்தாள். கடைசியில் அது நேப்பிள்ஸ் கழிப்பறைக் கட்டணம்.

மாலை வண்டி பிடித்து, சீபரியில் மாறி, கொசென்சா வழியாக மேற்குக் கடற்கரையில் பாவோலா வந்து சேர்ந்தபோது ராத்திரி. ரோமிலிருந்து சிசிலி போகும் இரவு ரயில் அங்கே வரப் பின்னிரவாகும். காத்திருப்பு அறையில் ஹீட்டர் அணைந்திருந்தது. பாவோலாவில் பிறந்த ஃப்ரான்செஸ்கோ என்ற பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவியின் கதையை லூகானியாக்காரன் அங்கே சொன்னான். சிசிலி போக ஜலசந்தியைக் கடக்கவேண்டும். கையில் காசில்லை. ஓடக்காரன் ஏற்ற மறுத்துவிட்டான். துறவி தன் மேலங்கியைத் தண்ணீரில் விரித்து, அதன்மேல் ஏறிக் கடந்துபோனாராம். இன்று அவர் மாலுமிகளின் பாதுகாவலர்.

"டிக்கெட் இல்லாமல் போனவருக்குக் கோயில். நமக்கு அபராதம்" என்றாள் போர்ச்சுகல்காரி. நான்கு நாளாக யாரும் தொடாமல் வைத்திருந்த விஷயம். குளிரில் பல் அடித்துக்கொள்ள ஐந்து பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது.

விடியற்காலை யாரோ தோளை உலுக்கினார்கள். வண்டி வில்லா சான் ஜொவான்னியில் நின்றிருந்தது. எதிரே கறுப்பாகக் கடல், அதற்கு அப்பால் மெஸ்ஸினாவின் விளக்குகள். குறுகலான இடத்தில் வெறும் 3 கிலோமீட்டர். பாலம் கிடையாது. 1899 முதல் ரயிலையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு குலுக்கல். எஞ்சின் கழன்றது. இந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. கப்ளிங் விடுபடும்போது முதலில் ஒரு கிணுங்கல், பிறகு காற்றுக்குழாய் சீறும். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன். மஞ்சள் உடுப்பில் ஒருவர் கையில் விளக்கோடு தண்டவாளத்தில் நின்று சைகை காட்டினார். எங்கள் பெட்டிகள் பின்னோக்கி நகர்ந்தன, நின்றன, பாதை மாறி முன்னால் வந்தன. கப்பலின் மூக்கு மேல்நோக்கித் திறந்து கிடந்தது. உள்ளே வயிற்றில் தண்டவாளங்கள். வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி, பக்கம் பக்கமாக உள்ளே தள்ளினார்கள். கரைத் தண்டவாளத்திலிருந்து கப்பல் தண்டவாளத்துக்குச் சக்கரம் மாறும்போது 'தடக்' என்று ஓர் அதிர்வு. பிறகு சங்கிலிச் சத்தம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே பத்து மணி தாண்டியிருக்கும். நைட் டியூட்டி முடித்துப் படுக்கப் போயிருந்தார்.

"அப்பா, ரயிலைக் கப்பல்ல ஏத்துறாங்க."

"சரக்கு வண்டியா?"

"இல்லப்பா, நாங்க உள்ள இருக்கோம்."

அந்தப் பக்கம் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம். "எத்தன பெட்டியா வெட்டுறான்? தள்ளுற எஞ்சினும் கப்பலுக்குள்ள வருதா? கப்பல் ஆடுச்சுன்னா லைன் எப்புடி நேரா நிக்கும்? பிரேக்கு என்ன போடுறான்?" தெரியாததை லூகானியாக்காரனிடம் கேட்டேன், அவன் கீழே இறங்கி மஞ்சள் உடுப்புக்காரரிடம் கேட்டான். எஞ்சின் உள்ளே வராதாம். நடுவில் காலி வேகன்களைக் கோத்துத் தூரத்தில் நின்றே தள்ளுமாம். அதன் பாரம் கப்பலில் ஏறக்கூடாது. "அதான் சரி" என்றார் அப்பா, ஏதோ அவர் சொல்லித்தான் செய்தமாதிரி. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்கப்பா தனுஷ்கோடியில கேங்மேன். போட் மெயில்ல வந்து எறங்குன சனம் பெட்டி படுக்கையத் தூக்கிக்கிட்டுக் கப்பலுக்கு நடக்கும். ரயிலோடயே ஏத்திவிட்டா எப்புடி இருக்கும்னு சொல்லுவாரு."

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. தாத்தா அன்றைக்கு மண்டபத்தில் இருந்ததால் தப்பினார். நான் தாத்தாவைப் பார்த்ததில்லை.

"மானம் கப்பலேறிருச்சுன்னீங்களே, இப்ப ரயிலும் ஏறிருச்சுப்பா" என்றேன். அப்பா சிரித்தார். அபராத விவகாரம் அதோடு முடிந்தது.

படியேறி மேல்தளத்துக்குப் போனோம். கப்பல் கேன்டீனில் சூடான அராஞ்சினி. சோற்றை உருட்டி, நடுவில் மசாலா வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. வெளுக்கத் தொடங்கிய வானத்தில் மெஸ்ஸினா துறைமுகத்தின் தங்கநிற மாதா சிலை தெரிந்தது. 1908 டிசம்பர் 28 அதிகாலை, இதே நேரத்தில்தான் நிலநடுக்கமும் கடலும் இந்த ஊரைத் தரைமட்டமாக்கின. இரு கரையிலுமாகச் செத்தவர்கள் சுமார் எண்பதாயிரம் பேர் என்று ஒரு கணக்கு. கடலைக் கடக்க அரைமணிதான் ஆனது. வண்டியை வெட்டவும் ஒட்டவும் ஒன்றரை மணி.

மெஸ்ஸினாவிலிருந்து பலெர்மோ போனோம். அங்கே பல்லாரோ சந்தையில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே முருங்கைக்காய் கண்ணில் பட்டது. அப்புறம் தமிழில் எழுதிய பலகை. கடைக்குள் அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா.

"எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை? இந்தியாவோ?"

மானாமதுரை என்றேன். ராமேஸ்வரம் போகும் பாதையில் இருக்கிறது என்றேன்.

"ராமேஸ்வரம் தெரியாதே! சின்ன வயசில அப்பாவோட தலைமன்னாரில கப்பலேறி வந்தனாங்கள். பிறகு ரயில்." எண்பதுகளில் போர் தொடங்கி அந்தக் கப்பல் நின்றுபோனது. அவர் ஊரை விட்டுக் கிளம்பியதும் அந்தச் சமயத்தில்தான். பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "நாளைக்கு ஞாயிறு, மலைக்கு வாங்கோ" என்றார்.

போனோம். மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது அவளுடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துப் போய் ஊர் பிழைத்தது என்பது நம்பிக்கை. குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தகரக் கால்வாய்கள் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கீழே சேலை கட்டிய பெண்கள், திருநீறு பூசிய ஆண்கள். கிறிஸ்தவர் பாதி, சைவர் பாதி. இத்தாலியக் கிழவிகளோடு ஒரே வரிசையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கடைக்கார அம்மா சம்புடத்தைத் திறந்து எங்கள் ஐந்து பேருக்கும் புட்டு வைத்தார். லூகானியாக்காரன் கையால் அள்ளித் தின்றுவிட்டு, கீழேயிருந்து வந்த பார்சலா என்று கேட்டான். மொழிபெயர்த்தேன். "ஓம், எல்லாம் கீழயிருந்துதான்" என்றார் அவர். நோட்டில் அன்றைக்கும் உணவுக்குப் பூஜ்யம்தான்.

வட இத்தாலியில் தெற்கைப் பற்றிப் பேசும்போது முதலில் சோம்பல் என்பார்கள், அடுத்து மாஃபியா என்பார்கள். இத்தாலியில் தெற்குக்குப் பெயரே 'மெத்ஸோஜோர்னோ', நண்பகல். ஏதோ ஊரே வெயிலில் படுத்துத் தூங்குவதுபோல. ஒன்பது நாள் ரயிலில் நான் பார்த்தவர்கள் தூங்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும், கிளம்பியவர்களுக்குப் பார்சல் கட்டுகிறவர்களுமாகவே இருந்தார்கள். அதற்காகத்தான் அந்த ரயில்களே ஓடுகின்றன. லூகானியாக்காரனும் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். மிளகாய் மாலை அங்கேயும் போகிறது.

2025 ஆகஸ்டில் இத்தாலிய அரசு மெஸ்ஸினா ஜலசந்திப் பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. செலவு 13.5 பில்லியன் யூரோ. நடுத்தாங்கல் ஒன்றுகூட இல்லாமல் 3,300 மீட்டர். இன்றைய உலக சாதனை துருக்கியின் 2,023 மீட்டர் பாலம் என்று துருக்கிக்காரி உடனே செய்தி அனுப்பினாள். அக்டோபரில் நாட்டின் தணிக்கை நீதிமன்றம் அதற்கு முட்டுக்கட்டை போட்டது. பாலம் எழும்பும் என்பவர்களும் எழும்பாது என்பவர்களும் லூகானியாக்காரன் வீட்டிலேயே ஆளுக்கொரு பக்கம்.

ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இதில் ஒரே கருத்து. பாலம் வந்துவிட்டால் ரயிலைக் கப்பலில் ஏற்றும் வேலை தெரிந்த ஆட்கள் இருக்கமாட்டார்கள். பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். தென் இத்தாலிக்குப் போகிற யாருக்கும் நான் சொல்ல இரண்டே விஷயங்கள். வில்லா சான் ஜொவான்னியில் தூங்கிவிடாதீர்கள். காகித டிக்கெட் வாங்கினால் குத்திவிட்டு ஏறுங்கள்.